கடவுள் பார்த்துக்கொள்வார் என்றால்...

கேள்வி: குளத்துப்புழை ரப்பர் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம், இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காகச் சர்ச்சில் ஜெபிப்போம். காணாமல்போனவர்களுக்கு நீதி கேட்டும் பேச வேண்டும் என்று இளைஞர்கள் சொன்னால், "அது அரசியல், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். யார் பக்கம் நியாயம்?
- வாசகர், குளத்துப்புழை

பதில்: இளைஞர்கள் பக்கம்.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் இலங்கை அரசின் ஆணைக்குழு முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் போர் நடந்த வடக்கு வன்னிப் பகுதியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். இது அரசின் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், தந்த கணக்கு. 2009 மே மாதம் போர் முடிந்தபின் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே? அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. என்ன ஆனார்கள் என்று கேட்டார். 2021 ஏப்ரல் 1 அன்று கண்மூடும்வரை அவருக்குத் தக்க பதில் கிடைக்கவில்லை. நூறு ஆட்டில் ஒன்று தொலைந்தாலும் தேடிப்போகும் மேய்ப்பனைப் பற்றிப் பிரசங்கம் கேட்கிற பெரியவர்களுக்கு, அந்த ஆயர் செய்தது அரசியலாகவா தெரிகிறது?

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெற்றிக்கு ஆசி கேட்டு வந்த துரியோதனனிடம், தர்மம் உள்ள இடத்தில்தான் வெற்றி என்றாள் காந்தாரி. பெற்ற பிள்ளைக்காகக்கூட அவள் சொல்லை மாற்றவில்லை. தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்திருக்கிறது. நீதி கேட்கும்போது அந்த உயிர்களையும் சேர்த்தே கேளுங்கள்.

பெரியவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். இலங்கை மலையகத் தோட்டத் தமிழர் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பங்கு போட்டார்கள். தோட்டத்து மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பங்கில் வந்தவர்கள் வாய்மூடிப் பழகியதில் வியப்பில்லை. ஆனால் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் பலர். அவர்களில் உங்கள் பெரியவர்களின் அத்தை பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் இருந்திருக்கலாம். வரும் மே 18 அன்று அந்தப் பெயர்களை ஜெபத்தில் உரக்க வாசியுங்கள். பெரியவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். பெயர்கள் அவர்களுக்குத்தான் தெரியும்.