சொந்த இணையக் கடையில் படம் விற்க: மூலக் கோப்பை எங்கே வைப்பது?

கேள்வி: சுன்னாகத்தில் இருக்கிறேன். பனந்தோப்பு, நல்லூர்த் தேர், குருநகர் மீன்சந்தை, நெடுந்தீவுக் குதிரைகள் என்று விற்கத்தக்க படங்கள் ஆயிரம் வரை சேர்ந்துவிட்டன. வெளிநாட்டுப் படத் தளங்களில் போட்டால் ஒரு படத்துக்குச் சில்லறைதான் மிஞ்சுகிறது. சொந்த டொமைனில் (இணைய முகவரியில்), தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸும் அதற்குள் கடை நடத்தும் வூகொமர்ஸும் போட்டு நானே விற்க எண்ணுகிறேன். படங்கள் களவு போகாமல் எப்படி வைப்பது? கடனட்டைப் பணத்தை எப்படி வாங்குவது? ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) எவ்வளவு பெரிதாக வேண்டும்?

பதில்: வேர்ட்பிரஸும் வூகொமர்ஸும் இலவசம், இந்த வேலைக்குப் போதும். தீம் தேடி நாளைக் கழிக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் எளிய தீம் ஒன்றே நன்றாக ஓடும். படம் விற்கும் கடை சறுக்குவது தோற்றத்தில் அல்ல, மூலக் கோப்பு கிடக்கும் இடத்தில்.

வேர்ட்பிரஸின் மீடியா நூலகத்தில் ஏற்றும் கோப்பு எதுவானாலும், முகவரி தெரிந்த எவரும் திறக்கக்கூடிய போல்டருக்குத்தான் போகும். 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து இன்னொன்றும் நடக்கிறது. படத்தின் நீண்ட பக்கம் 2560 பிக்சலைத் தாண்டினால், வேர்ட்பிரஸ் அதை 2560க்குச் சுருக்கிப் பெயரின் கடைசியில் ‘ஸ்கேல்ட்’ என்று ஒட்டி, அந்தப் பிரதியையே எங்கும் காட்டும். மூலப் படம் அழிவதில்லை, பக்கத்திலேயே கிடக்கும். முகவரியில் அந்த ஒட்டை நீக்கிப் பார்க்கத் தெரிந்தவருக்கு உங்கள் 24 மெகாபிக்சல் படம் இலவசம். தளத்திலேயே வாட்டர்மார்க் (படத்தின் மேல் பதிக்கும் அடையாளம்) போட்டுத் தரும் பிளகின்களும் (துணை மென்பொருள்களும்) இதே காரணத்தால் ஆபத்தானவை: சுத்தமான பிரதி ஒன்று எப்படியும் தளம் ஓடும் கணினியான சேர்வருக்குப் போய்விடுகிறது.

ஆகவே மாதிரிப் படத்தை வீட்டுக் கணினியிலேயே செய்து முடியுங்கள். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் இரண்டு எக்ஸ்போர்ட் அமைப்புகளைச் சேமித்து வையுங்கள். ஒன்று மாதிரிக்கு: நீண்ட பக்கம் 1200 பிக்சல், ஜேபெக் தரம் 70 முதல் 75, நிறவெளி (நிறங்களைப் பதியும் முறை) எஸ்ஆர்ஜிபி, வாட்டர்மார்க் படத்தின் நடுவே, முக்கிய உருவத்தின் மேலேயே குறுக்காக, 30 முதல் 40 சதவீத அடர்த்தியில். மூலையில் வைக்கும் சின்ன வாட்டர்மார்க் வெட்டி எறியத்தான் உதவும். மற்றது விற்பனைக்கு: முழு அளவு, தரம் 95க்குக் குறையாமல், வாட்டர்மார்க் இல்லாமல். அடோபி ஆர்ஜிபி என்ற மற்ற நிறவெளியில் மாதிரியை ஏற்றினால், நிறச் சுயவிவரத்தைக் கழற்றிவிடும் சேர்வர்களில் நல்லூர்த் தேரின் சிவப்பு வெளிறிப்போய்த் தெரியும். வலது கிளிக்கைத் தடுக்கும் பிளகின் வேண்டவே வேண்டாம். திருடனைத் தடுக்காது, வாங்க வந்தவருக்குத்தான் எரிச்சல்.

விற்கும் கோப்பை ஜேபெக்காகவே ஏற்றக் கூடாது. ஸிப்பாகக் கட்டி ஏற்றுங்கள்: உள்ளே மூலப் படம், அதனோடு உரிம விதிகள் அடங்கிய சிறு உரைக் கோப்பு. ஸிப்பால் படம் சிறிதாகப் போவதில்லை, அது நோக்கமும் அல்ல. ஜேபெக்கைப் பார்த்தால் வேர்ட்பிரஸ் அதிலிருந்து ஐந்தாறு சிறு பிரதிகளைச் செய்யத் தொடங்கும். அதைவிட மோசம், வூகொமர்ஸில் அந்தக் கோப்பைத் தெரிவுசெய்யும்போது வருவது சுருக்கிய பிரதியின் முகவரி. 6000 பிக்சலுக்குப் பணம் கட்டியவர் கையில் 2560 பிக்சல் படம் போய்ச் சேரும். அவர் முறைப்பாடு எழுதும்வரை உங்களுக்குத் தெரியவே வராது. ஸிப்பை வேர்ட்பிரஸ் தொடாது.

ஸிப்பை ஏற்றும் வழியும் முக்கியம். பொருளின் பக்கத்தில் ‘தரவிறக்கக் கோப்பு’ பகுதிக்குள் நின்று புதிதாக ஏற்றினால்தான் அது வூகொமர்ஸின் காவல் போல்டருக்குள் போகும். முன்பே மீடியா நூலகத்தில் ஏற்றிவைத்ததை அங்கே தெரிவுசெய்தால் கோப்பு பழைய திறந்த போல்டரிலேயே இருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், கோப்பின் முகவரியை வாசித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

காவல் என்பதும் ஒரு நிபந்தனையோடுதான். அந்தப் போல்டரைப் பூட்டுவது வூகொமர்ஸ் தானாக எழுதிவைக்கும் எச்டிஅக்சஸ் என்ற சிறு கோப்பு. அப்பாச்சி, லைட்ஸ்பீட் ஆகிய சேர்வர் மென்பொருள்கள் அதை மதிக்கும். என்ஜின்எக்ஸ் அதைப் படிப்பதே இல்லை. என்ஜின்எக்ஸில் ஓடும் விபிஎஸ் (உங்களுக்கென ஒதுக்கிய மெய்நிகர் சேர்வர்) எடுத்தால், அந்தப் போல்டருக்கு நேரடி அனுமதி இல்லை என்ற விதியைச் சேர்வர் அமைப்பில் நீங்களே எழுத வேண்டும். சரிபார்ப்பது எளிது: ஒரு ஸிப்பின் முழு முகவரியைப் பிரதிபண்ணி, உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள். 403 (அனுமதி மறுப்பு) என்று வந்தால் பூட்டு வேலை செய்கிறது. கோப்பு இறங்கினால் கடையைத் திறக்காதீர்கள். சேர்வர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

தரவிறக்க முறைக்கு வூகொமர்ஸில் மூன்று தெரிவுகள் உண்டு. ‘ரீடிரெக்ட்’ கோப்பின் உண்மையான முகவரியை வாங்குபவருக்குக் காட்டிவிடும், தொடாதீர்கள். ‘போர்ஸ் டவுன்லோட்’ கோப்பை, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி வழியாக அனுப்பும். 15 மெகாபைட் ஸிப்புக்குப் பிரச்சினை இல்லை, 150 மெகாபைட் டிஃப் வகைப் படக் கோப்பு பகிர்வு ஹோஸ்டிங்கில் (ஒரே சேர்வரைப் பலர் பகிர்வதில்) பாதியில் அறுந்து போகலாம். பெரிய கோப்பு விற்பதானால் பிஎச்பிக்குப் பதில் சேர்வரே கோப்பை அனுப்பும் மூன்றாவதான ‘எக்ஸ்-சென்ட்ஃபைல்’ வழியைச் சேர்வரில் இயக்கித் தரச் சொல்லுங்கள்.

ஹோஸ்டிங் அளவுக்கு வருவோம். ஆயிரம் மூலப் படங்கள், ஒன்று சராசரி 12 மெகாபைட் என்றால் 12 ஜிகாபைட். மாதிரிப் படங்கள் ஒன்று 200 கிலோபைட் வீதம் 200 மெகாபைட்தான். பகிர்வு ஹோஸ்டிங்கில் முதலில் இடிப்பது வட்டு இடம் அல்ல, கோப்புகளின் எண்ணிக்கைக்கு உள்ள வரம்பு. வூகொமர்ஸும் தீமும் கேட்கும் அளவுகளையும் சேர்த்தால் ஒரு மாதிரிக்கு எட்டுப் பத்துச் சிறு பிரதிகள் வீதம் ஆயிரம் படங்களுக்குப் பத்தாயிரம் கோப்புகள். தீமுக்குத் தேவையற்ற அளவுகளை நிறுத்திவிடுங்கள்.

படம் ஏற்றும்போது ‘எச்டிடிபி பிழை’ என்று மட்டும் வந்து நின்றால், பெரும்பாலும் நினைவகக் குறைவு. 24 மெகாபிக்சல் படத்தைப் பிஎச்பி விரித்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் அது மட்டுமே 96 மெகாபைட். 128 மெகாபைட் வரம்புள்ள ஹோஸ்டிங் அங்கேயே விழுந்துவிடும். 1200 பிக்சல் மாதிரிகளை மட்டும் ஏற்றுபவருக்கு இந்தத் தொல்லையே வராது.

ஸிப்புகளை உலாவி வழியாக ஒவ்வொன்றாக ஏற்றுவது நம் ஊர் இணைப்பில் தலைவலி. விநாடிக்கு 5 மெகாபிட் தரவேற்ற வேகம் தடையின்றிக் கிடைத்தாலும் 12 ஜிகாபைட்டுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். நடுவில் கரண்ட் போனால் உலாவி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். ஃபைல்சில்லா போன்ற மென்பொருளால் எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்றம்) வழியாக நேரே காவல் போல்டருக்குள் இரவோடிரவாக அனுப்புங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிறகு சிஎஸ்வி அட்டவணை ஒன்றில் தலைப்பு, விலை, மாதிரி முகவரி, ஸிப் முகவரி எல்லாவற்றையும் நிரப்பி வூகொமர்ஸின் இறக்குமதியில் கொடுத்தால் ஒரே மூச்சில் ஆயிரம் பொருள்களும் உருவாகும். முதலில் ஐந்தைப் போட்டுப் பாருங்கள்.

மூலக் கோப்புகள் பெருகினால் பேக்பிளேஸ் பி2, கிளவுட்ஃபிளேர் ஆர்2 போன்ற வெளிக் களஞ்சியத்துக்கு மாற்றலாம். இரண்டிலும் முதல் 10 ஜிகாபைட் இலவசம். அங்கே கோப்புகளை வைக்கும் ‘வாளி’ (பக்கெட்) ‘பிரைவேட்’ ஆக இருக்க வேண்டும். சில நிமிடங்களில் காலாவதியாகும் கையொப்பமிட்ட இணைப்பைத் தரும் பிளகின் வேண்டும். புதிய முகவரியை வூகொமர்ஸின் ‘அங்கீகரித்த தரவிறக்க இடங்கள்’ பட்டியலில் சேர்க்க மறந்தால் கோப்புகள் வேலை செய்யாது.

பொருள் அமைப்பில் ‘வேர்ச்சுவல்’, ‘டவுன்லோடபிள்’ இரண்டையும் குறியிடுங்கள். இரண்டாவதை மட்டும் குறியிட்டால், பணம் வந்த பிறகும் ஓடர் ‘புரொசெசிங்’ நிலையிலேயே நிற்கும். நீங்கள் வந்து கையால் முடிக்க வேண்டும். விலைக்கு மூன்று வகைகள் போதும்: இணையப் பாவனைக்கு 1600 பிக்சல், அச்சுக்கு முழு அளவு; நாட்காட்டி, ரீசேர்ட், குவளை போன்று படத்தையே பொருளாக்கி விற்பவருக்கு விரிந்த உரிமம். கடைசி இரண்டிலும் படம் ஒன்றே, ஸிப்பிலுள்ள உரிம உரைதான் வேறு. தரவிறக்க எண்ணிக்கையை 5, காலத்தை 30 நாள் என்று வையுங்கள். எண்ணிக்கையை 1 என்று இறுக்கினால், இணைப்பு அறுந்தவர் ஒவ்வொருவரும் உங்களுக்குத்தான் எழுதுவார்.

பணம். அட்டைப் பணம் வாங்கித் தரும் வெளிநாட்டுச் சேவையான ஸ்ட்ரைப் இலங்கையில் கணக்குத் திறக்க விடுவதில்லை. பேபாலை நம்பியும் திட்டம் போடாதீர்கள். இங்கே திறக்கும் கணக்கால் பணம் கட்டலாம், வாங்க முடியாது என்பதே நெடுங்கால நிலை. உள்ளூர் வழி பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற கட்டண வாயில்கள். பேஹியருக்கு வூகொமர்ஸ் பிளகின் உண்டு. ரூபாவோடு டொலர், பவுண், யூரோவிலும் வாங்கலாம். விண்ணப்பிக்க முன்பே தொடர்பு விபரம், பணம் மீளளிப்புக் கொள்கை, தனியுரிமைக் கொள்கை ஆகிய பக்கங்களை எழுதித் தளத்தில் போட்டுவிடுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் விசாரித்துச் செய்துவைப்பது வங்கிக் கணக்குக்கும் உதவும்.

கட்டண வாயிலில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. பணம் கட்டியவரின் உலாவி உங்கள் தளத்துக்குத் திரும்பி வருவது பணம் வந்ததற்கு அத்தாட்சி அல்ல. பேஹியரின் சேர்வர் உங்கள் சேர்வருக்குத் தனியாக ஓர் அறிவித்தல் அனுப்பும். பிளகின் அதன் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே ஓடர் முடியும். பாதுகாப்புப் பிளகினோ, கிளவுட்ஃபிளேரின் ரோபோ தடுப்போ, ‘விரைவில் வருகிறோம்’ பூட்டோ அந்த அறிவித்தலை மறித்தால், அட்டையில் பணம் போயிருக்கும், ஓடரோ ‘பெண்டிங்’ என்று நிற்கும். இதே காரணத்தால் உங்கள் மடிக்கணினியில் மட்டும் ஓடும் சோதனைத் தளத்திலும் இது வேலை செய்யாது. பேஹியர் தரும் இரகசியக் குறியீடு டொமைனுக்கு டொமைன் வேறு, சோதனைக் கணக்குக்கு வேறு. மாற்றி ஒட்டினாலும் இதே அறிகுறிதான். உள்ளூர்க்காரருக்கு வங்கிப் பரிமாற்றத்தையும் திறந்து வையுங்கள். அந்த ஓடர்களைப் பணம் வந்ததைப் பார்த்து நீங்களே விடுவிக்க வேண்டும்.

தரவிறக்க இணைப்பு போவது மின்னஞ்சலில். சேர்வர் தானாக அனுப்பும் அஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போவது வழமை. முறையான அஞ்சல் சேவை வழியாக அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின் ஒன்றைப் போட்டு, அஞ்சல் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை டொமைனில் சேருங்கள். பக்கங்களின் பிரதியைச் சேமித்து வேகமாகக் காட்டும் கேஷ் பிளகின் போட்டால் கூடை, கட்டணம், என் கணக்கு ஆகிய மூன்று பக்கங்களையும் அதிலிருந்து விலக்குங்கள். இல்லாவிட்டால் ஒருவர் கூடை இன்னொருவருக்குத் தெரியும்.

தமிழ்த் தலைப்பு வைப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. பக்க முகவரியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்துகளாக விரியும். வேர்ட்பிரஸில் அந்தப் புலத்துக்கு இடம் 200 எழுத்து. ‘நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேர்த்திருவிழா’ பாதியில் வெட்டுப்படும். தலைப்பைத் தமிழில் வையுங்கள், முகவரியையும் கோப்புப் பெயரையும் ஆங்கில எழுத்தில் இலக்கத்தோடு வையுங்கள். குறிச்சொற்களை ‘டேக்’ பகுதியில் மட்டும் போட்டால் தளத்தின் சாதாரணத் தேடலில் அகப்படாது. அது தலைப்பையும் விவரணையையும்தான் பார்க்கும். பனை, பனங்காய், வடலி, ஒடியல் என்று நம் சொற்களையும், ஆங்கிலத்தில் பனைக்குள்ள இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் குறு விவரணையில் எழுதிவிடுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது, படக் கோப்புக்குள்ளேயே தகவல் எழுதும் ஐபிடிசி புலங்களில் பெயர், பதிப்புரிமை, உரிமப் பக்க முகவரி ஆகியவற்றை நிரப்புங்கள். 2020 ஓகஸ்ட் முதல் கூகுள் படத் தேடல் அவற்றைப் படித்து ‘உரிமம் பெறத்தக்கது’ என்ற அடையாளத்தைக் காட்டுகிறது. சேர்வரில் படங்களைச் சுருக்கும் மென்பொருளாக இமேஜ்மேஜிக் இருந்தால் சிறு பிரதிகளிலும் அந்தத் தகவல் தங்கும். ஜிடி என்ற மற்ற மென்பொருள் மட்டும் இருந்தால் உதிர்ந்துவிடும். இடத் தகவலை நீக்கும் தெரிவை மறக்காதீர்கள். வீட்டு முற்றத்தில் எடுத்த படம் வீட்டு முகவரியைச் சொல்லிவிடும்.

கடைசியாக, எதை விற்கலாம் என்பது. குருநகர்ச் சந்தையில் முகம் தெளிவாகத் தெரியும் மீன்காரம்மாவின் படத்தை விளம்பரத்துக்கு விற்க அவரது கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். அது இல்லாவிட்டால் ‘செய்தி, கல்விப் பாவனைக்கு மட்டும்’ என்று தனி வகையில் போடுங்கள். நல்லூர்க் கோயிலின் உள்ளே படம் எடுப்பதற்கே தடை, ஆகவே வெளிவீதிப் படங்கள் மட்டும். யாழ்ப்பாணக் கோட்டை போன்று தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள இடங்களில் வர்த்தகப் படப்பிடிப்புக்கு முன் அனுமதி கேளுங்கள். ட்ரோன் படங்களுக்குச் சிவில் விமான அதிகார சபையின் விதிகள் உண்டு. படைமுகாம் ஓரத்தில் எடுத்த எதுவும் கடைக்கு வேண்டாம். வெளிநாட்டுத் தளங்களில் ஏற்கெனவே போட்ட படங்களில் ‘எக்ஸ்குளூசிவ்’ ஒப்பந்தத்தில் கொடுத்தவை இருந்தால், அந்த ஒப்பந்தத்தை முறையாக முடித்த பிறகே அவற்றை இங்கே ஏற்றலாம். மற்றவற்றை இன்றைக்கே தொடங்கலாம்.