பினாங்கில் மெலிந்த மேய்ச்சல் நிலத்தில் ரைகிராஸ் தூவலாமா?

நிபோங் திபால் பக்கம் ஆடு மாடு மேயும் நிலத்தில் புல் திட்டுத் திட்டாகப் போய்விட்டது, வெளிநாட்டு வீடியோவில் பார்த்த மாதிரி ரைகிராஸ் என்ற தீவனப் புல் விதையைத் தூவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க, காசுக்குப் பிடித்த கேடு.

ரைகிராஸ், ஓட்ஸ் எல்லாம் குளிர்காலப் பயிர். 20 டிகிரி வாக்கில் செழிக்கும், 30 தாண்டினால் சுணங்கிவிடும். அங்கே குளிர் வந்து வெயில்காலப் புல் உறங்கப் போகும்போது அந்த இடைவெளியை நிரப்பத்தான் மேலே தூவுகிறார்கள். நமக்கு வருஷம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி. இங்கே புல் உறங்குவதில்லை, பெரும்பாலும் ஓயாமல் மேயவிட்டுத்தான் மெலிகிறது.

ஆனால் தூவும் முறை நமக்கும் ஆகும். இருக்கிற புல்லை ஒட்ட மேயவிட்டு, மண் தெரிகிற அளவுக்கு முள்வாரியால் கீறி, விதையைத் தூவி, மாடுகளை அதன் மேல் ஒரு நடை ஓட்டிவிட்டால் விதை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மட்டும் புதைய விடாதீர்கள். கினிப்புல்லோடு ஸ்டைலோ என்ற பயறுவகைத் தீவனச் செடியின் விதையும் கலந்து போடுங்கள். சிக்னல் புல் நன்றாகப் படரும்தான், ஆனாலும் ஆடு இருந்தால் கிட்டேயே சேர்க்காதீர்கள். தொடர்ந்து மேய்ந்தால் கல்லீரல் கெட்டு வெயிலில் முகமும் காதும் வீங்கிவிடும், செம்மறிக்கு இன்னும் மோசம்.

செப்டம்பர் மழை பிடிக்கும்போது தூவுங்கள். அப்புறம், இளம்புல்லை இழுத்துப் பார்த்தால் வேரோடு கையில் வரக்கூடாது, அதுவரை அடைப்பைத் திறக்காதீர்கள்.