ராப் ராய் எரிகிறதா? பாட்டிலை விடுங்கள், ஐஸைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் ராப் ராய் என்ற ஸ்காட்ச் விஸ்கி காக்டெயிலைக் கலந்தால் ஒரு நாள் தொண்டை எரிகிறது, இன்னொரு நாள் வெறும் தண்ணீராக இருக்கிறது. பாரில் குடித்தபோது பட்டுப் போல இறங்கியது. 12 வருட ஸ்காட்ச்தான் ஊற்றுகிறேன். 18 வருடம் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் எனக்குப் பாட்டில் கொண்டுவந்து தருபவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எரிந்த நாளிலும் நீர்த்த நாளிலும் ஒரே பாட்டிலில் இருந்துதானே ஊற்றினீர்கள்? அப்புறம் பாட்டில் என்ன தப்பு செய்தது?

அளவு எளிது. ஸ்காட்ச் 60 மில்லி, இனிப்பு வெர்மூத் (மூலிகை மணமூட்டிய ஒயின்) 30 மில்லி, அங்கோஸ்துரா பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு) இரண்டு உதறல். நான்காவது சரக்கைத்தான் யாரும் எழுதுவதில்லை: தண்ணீர். ஐஸ் உருகித்தான் குளிரைக் கொடுக்கிறது, அந்தத் தண்ணீர்தான் எரிச்சலையும் அடக்குகிறது. ஒரே ஒரு தடவை, வடிகட்டியதை அளந்து பாருங்கள். 90 மில்லி ஊற்றியது 120-க்கும் 130-க்கும் நடுவில் வந்தால் சரி. 100-தான் என்றால் எரியும். 150-ஐத் தொட்டால் நீங்கள் சொல்லும் 'வெறும் தண்ணீர்'. உருகாத கல், ஸ்டீல் கட்டி என்று பரிசுப் பெட்டியில் விற்கிறார்களே, அவை இந்த வேலைக்கு உதவாது.

ஐஸைக் கலக்கும் நேரத்தில்தான் ஃப்ரீசரில் இருந்து எடுக்க வேண்டும். கிண்ணத்தில் கால் மணி நேரம் கிடந்த ஐஸ் மேலெல்லாம் ஈரமாக இருக்கும். கலக்கும் முன்பே அந்த ஈரம் கிளாஸில் இறங்கிவிடும். உங்கள் 'இன்னொரு நாள்' அதுதான் என்பது என் ஊகம். பெரிய கட்டிகளால் கிளாஸை முக்கால் பாகம் நிரப்பி, கரண்டியின் முதுகு கண்ணாடிச் சுவரை உரசியபடி போக, முப்பது விநாடி சுற்றுங்கள். கட்டிகள் எல்லாம் ஒரே கூட்டமாகச் சுழல வேண்டும். கடகடவென்று சத்தம் வந்தால் ஐஸை உடைக்கிறீர்கள். ஷேக்கரில் போட்டுக் குலுக்காதீர்கள், காற்றுக் குமிழும் ஐஸ் தூளும் சேர்ந்து கலங்கிவிடும்.

வெர்மூத் அலமாரியில் நிற்கிறதா? அது ஒயின் வகை, சாராய அளவு பெரும்பாலும் 15 முதல் 18 சதவீதம்தான். திறந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். இதைப் பாட்டிலில் எழுதியிருந்தாலும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று: பீப்பாய் வீரியத்திலேயே அடைத்து வரும் 'காஸ்க் ஸ்ட்ரெங்த்' விஸ்கி. மேலே சொன்ன 60 மில்லி, 40 சதவீத விஸ்கிக்கான கணக்கு. அதில் சுத்தமான சாராயம் 24 மில்லி. உங்கள் பாட்டில் 58 சதவீதம் என்றால் சுமார் 41 மில்லியிலேயே அந்த 24 வந்துவிடும். ஆகவே 40 மில்லி விஸ்கி, 20 மில்லி குளிர்ந்த தண்ணீர். அந்தத் தண்ணீரையும் ஐஸே தரட்டும் என்று இரண்டு நிமிடம் சுற்றினால் கைவலிதான் மிச்சம். பானம் நன்றாகக் குளிர்ந்த பிறகு ஐஸ் உருகுவது மெதுவாகிவிடும். லேபிளில் சதவீதத்தைப் படித்துவிட்டு அளவைத் தொடுங்கள்.

இனி அந்த 18. ஸ்காட்ச் பாட்டிலில் போடும் வயது, உள்ளே இருப்பதில் மிக இளையதன் வயது. 2009-இல் வந்த பிரிட்டிஷ் விதிகளின்படி ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் மூன்று வருடமாவது இருந்திருக்க வேண்டும், 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எல்லாவற்றுக்கும் விதி எழுதியவர்கள், வயதைக் கட்டாயம் போடு என்று மட்டும் சொல்லவில்லை. கேரமல் நிறத்தையும் அனுமதித்துவிட்டார்கள். ஆகவே கருத்த நிறத்தைக் காட்டி 'பழசு' என்பவரை நம்பாதீர்கள். நிஜமான 18-ஆகவே இருந்தாலும் அதன் நுணுக்கமெல்லாம் 30 மில்லி வெர்மூத்துக்கு அடியில் புதைந்துவிடும்.

நிஜமாக இருந்தால்! எனக்கே ஒருவர் 'ஏர்போர்ட் பாட்டில்' என்று ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் திருகினேன். வளையம் 'கடக்' என்று அறுபடவே இல்லை, வெண்ணெயில் சுற்றுவது போலச் சுழன்றது. விஸ்கி நேராக சிங்க்குக்குப் போனது. பேர்போன விஸ்கியின் காலி பாட்டிலுக்கு ஏன் விலை கொடுக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? உள்ளே என்ன ஊற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது, மெத்தனால் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும். பில் தராதவரிடம் வாங்காதீர்கள்.

இப்போதைக்கு அந்த 12 வருடத்தையே புது ஐஸில் கலந்து, வடிகட்டியதை அளந்து, எத்தனை மில்லி வந்தது என்று எழுதுங்கள்.