பாண், பெரட்டு, புரட்சி: கேள்வி பதில்

வெள்ளவத்தையில் பின்னேர வகுப்பு எடுப்பதை நிறுத்தி நாலு வருடமாகிறது. ஆனாலும் வரலாற்றுச் சந்தேகம் என்றால் பழைய மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் இன்னும் என்னைத்தான் பிடிக்கிறார்கள். புரட்சிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லிவைத்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சேர், அரசியல் புரட்சி, கைத்தொழில் புரட்சி இரண்டையும் ஏன் ஒரே பெயரால் சொல்கிறோம்? ஒன்றில் சண்டை, மற்றதில் மெஷின்தானே? (ஏ.எல். மாணவி, கொட்டாஞ்சேனை)

நல்ல கேள்வி பிள்ளை. பிரான்சில் 1789 ஓகஸ்ட் 4 இரவு தேசிய மன்றம் கூடி, பிரபுக்களின் நிலமானியச் சலுகைகளை ஒழிப்பதாக ஒரே அமர்வில் தீர்மானித்தது. அடுத்த நாள் விடிய எழும்பிய விவசாயிக்கு அதே வயல், அதே கலப்பை. சட்டம் மாறியிருந்தது, அவனுடைய நாள் மாறவில்லை.

இங்கிலாந்தில் தலைகீழ். ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத் திருத்தத்துக்குக் காப்புரிமை எடுத்தது 1769 இல். ஆர்க்ரைட் என்ற ஆலை முதலாளி குரோம்ஃபோர்டில் நீரால் ஓடும் நூற்பாலை தொடங்கியது 1771 இல். "இன்று முதல் புரட்சி" என்று எந்தப் பாராளுமன்றமும் அறிவிக்கவில்லை. ஆனால் சேவல் கூவ எழும்பிய ஆள் ஆலைச் சங்குக்கு எழும்பத் தொடங்கினான். ஆலை நகரங்களில் நீளக் கழியோடு வந்து மேல்மாடி ஜன்னலில் தட்டி எழுப்பிவிடுவதே சிலருக்குப் பிழைப்பு. ஊருக்கு ஒரு நேரம் என்றிருந்த நாட்டில் 1880 இல் சட்டப்படி ஒரே நேரம் வந்தது.

மனிதர் ஒருவரோடொருவர் வைத்திருந்த கணக்கு இரண்டிலும் மாறியது, அதனால்தான் ஒரே பெயர். ஆனால் ஒன்று மற்றதைக் கையோடு கூட்டிவருவதில்லை. சமத்துவம் பேசிய அதே பிரெஞ்சுப் புரட்சிக்காரர் 1791 இல் தொழிலாளர் சங்கம் சேர்வதைத் தடை செய்தார்கள். அங்கே தொழிற்சங்கம் சட்டபூர்வமானது 1884 இல். விடைத்தாளில் இந்த இரண்டு வருடத்தையும் எழுதினால் புள்ளி கிடைக்கும்.

பாண் விலை ஏறியதால் பிரெஞ்சுப் புரட்சி வந்தது என்கிறார்கள். பாண் விலை எங்கேதான் ஏறவில்லை? (தெமட்டகொடையிலிருந்து ஒரு தகப்பன்)

சரியாகப் பிடித்தீர்கள், பசி மட்டும் போதாது. 1789 இல் பாரிஸ் கூலிக்காரனின் நாள் சம்பளத்தில் பாதிக்கு மேல் பாணுக்கே போனது உண்மை. ஒக்ரோபரில் சந்தைப் பெண்கள் வெர்சாய் வரை மழையில் நடந்துபோய் அரசனைப் பாரிசுக்குக் கொண்டுவந்ததும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே திறைசேரி காலி. வரி கட்ட வேண்டிய பெரிய ஆட்களுக்கு விலக்கு. கடன் தாங்காமல் 1614 க்குப் பிறகு கூடாத சபையை அரசனே கூப்பிட்டான். பசித்தவன் கத்துவதற்கு ஒரு மேடையையும் அரசே போட்டுக் கொடுத்துவிட்டது.

நம் ஊரில் 1953 ஐப் பாருங்கள். ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது! சில வாரத்தில் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பிரதமர் போனார், ஆட்சிமுறை அப்படியே இருந்தது.

நான் ஹட்டன் பக்கம், இப்போது புறக்கோட்டையில் கடையில் நிற்கிறேன். மான்செஸ்டர் ஆலைக்கும் எங்கள் தோட்டத்துக்கும் ஏதும் தொடர்பு உண்டா ஐயா?

தம்பி, எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். உங்கள் தோட்டம் அந்த ஆலையின் பின்கட்டு.

ஆலைத் தொழிலாளிக்குச் சமைக்க நேரமில்லை. பாணும் சீனி போட்ட தேத்தண்ணியும் அவனுடைய சாப்பாடாகின. அந்தத் தேயிலை எங்கேயாவது விளைய வேண்டுமே. இங்கே முதலில் கோப்பிதான். 1869 இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி மெல்ல அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இலேயே கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கண்டி வரை ரயில் வந்ததும் அதே 1867 இல். மலையைக் குடைந்து பாதை போட்டது நாம் ஜன்னலோரம் இருந்து படம் எடுக்க அல்ல, கோப்பி மூட்டையைக் கொழும்புக்கு இறக்க.

ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1832 இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஆங்கிலேயர் ஒழித்தார்கள். கூலிக்கு ஆள் கிடைக்கும் என்பது கணக்கு. ஆனால் கண்டிக் கிராமத்தான் தன் வயலை விட்டு வரவில்லை. அதனால் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்து மேய்க்கும் கங்காணிமார் உங்கள் முப்பாட்டன்மாரைக் கூட்டிவந்தார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடை. வழியில் செத்தவர் ஏராளம்.

வந்த பிறகு நேரம். இங்கிலாந்தில் சங்கு என்றால் இங்கே தப்புப் பறை அடித்து எழுப்புவது, பிறகு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் பதியும் பெரட்டுக்களம். பிந்திப் போனாலோ கொழுந்து நிறை குறைந்தாலோ அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். என் அம்மம்மாவின் அக்கா ஒருவர் நுவரெலியாப் பக்கம் தோட்டத்தில் இருந்தவர். கொழும்பில் மகனோடு குடியேறிய பிறகும் விடிய நாலரைக்கு எழும்பி, போக இடமில்லாமல் படியில் உட்கார்ந்திருப்பார். கைத்தொழில் புரட்சி எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு அந்தப் படிதான் நினைவுக்கு வரும்.

இராசகாரியத்தை ஒழித்த அதே ஆட்சியில், கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி ஆளைக் கட்டிவைக்கும் முறை 1921 வரை இருந்தது. 1931 இல் நாட்டுக்குச் சர்வஜன வாக்குரிமை வந்தபோது தோட்டத்தவருக்கு நிபந்தனை போட்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலானோருக்கு அதுவும் போனது.

பெண்களுக்கு என்ன கிடைத்தது? (ஒரு தாய், பம்பலப்பிட்டி)

பிரான்சில், தாமதமாக. பெண்ணின் உரிமைகளுக்காக 1791 இல் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் டி கூஜ் 1793 இல் தலை வெட்டப்பட்டார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை 1944 இல்தான். எங்கள் அம்மம்மாமார் அதற்கு 13 வருடம் முன்னரே கொழும்பில் வாக்குப் போட்டுவிட்டார்கள். (அது கூடாது என்று எதிர்த்தவர்களில் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.)

2022 இல் கொழும்புக் காலிமுகத்திடலில் நடந்த மக்கள் போராட்டம் புரட்சியா?

ஜனாதிபதி போனார். அரசியலமைப்பு இருந்தது, கடன் இருந்தது. என் பார்வையில் எழுச்சி.

அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறேன். இப்போது ஏஐ வந்துவிட்டது. பழைய வேலை போனால் புது வேலை வரும், வரலாறு அப்படித்தான் என்கிறார் முதலாளி. உண்மையா அண்ணை?

பாதி உண்மை. புது வேலை வந்தது, ஆனால் வேலை போன அதே ஆளுக்கு வரவில்லை. இங்கிலாந்தில் கைத்தறி நெசவாளர் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். விசைத்தறி பரவப் பரவக் கூலி தேய்ந்தது. தறியை விடாமல் பிடித்தபடியே ஒரு தலைமுறை வறுமையில் முடிந்தது. 1842 இல் சாட்விக் என்ற அதிகாரி தொழிலாளரின் சுகாதாரம் பற்றிக் கொடுத்த அறிக்கையில் மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் சராசரி மரண வயது 17, கிராமப்புற ரட்லண்டில் 38. குழந்தைச் சாவுகள்தான் அதை அவ்வளவு கீழே இழுத்தன. நன்மை பேரப்பிள்ளைக்குத்தான் கிடைத்தது.

1811 இல் இயந்திரம் உடைத்த லட்டைட்டுகள் என்ற ஆங்கிலத் துணித் தொழிலாளரை முட்டாள்கள் என்பார்கள். அவர்கள் கண்டதையும் உடைக்கவில்லை. மட்டமான துணியைக் குறைந்த கூலிக்கு நெய்வித்த முதலாளிகளின் இயந்திரங்களைத் தேர்ந்து உடைத்தார்கள். அதற்கு 1812 இல் மரண தண்டனைச் சட்டம் வந்தது.

அப்புறம், இந்த நாட்டில் தொழிற்சங்கம் தொடங்கியதே உங்கள் தொழிலில்தான்: 1893 இல் கொழும்பு அச்சகத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம். முதலாளி அடுத்தமுறை வரலாறு பேசினால் அதையும் ஞாபகப்படுத்துங்கள்.

அடுத்த புரட்சி எப்போது வரும் சேர்? (பத்தாம் வகுப்புப் பையன்)

1917 ஜனவரியில் சூரிச்சில் இளைஞர்களிடம் பேசிய லெனின், தன்னைப் போன்ற வயதானவர்கள் வரப்போகும் புரட்சியின் தீர்மானகரமான போராட்டங்களைக் காண உயிரோடிருக்க மாட்டோமோ என்றார். அப்போது அவருக்கு 46 வயது. இரண்டு மாதம் முடியுமுன் ரஷ்ய மன்னர் முடி துறந்துவிட்டார். என்னிடம் தேதி கேட்கிறீர்களே தம்பி.