திங்கட்கிழமை காலைத் தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளிகளும் குழந்தைகள் காப்பகங்களும் குடிநீரில் ஈயம் இருக்கிறதா என்று ஒவ்வொரு குழாயாகப் பரிசோதிக்க வேண்டும் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் நாற்பது வரி எழுதியிருக்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஈயம் என்று பொதுவாகச் சொன்னால் வெள்ளீயமும் அதில் வந்துவிடும், இங்கே பேச்சு முழுக்கக் காரீயத்தைப் பற்றி.

எங்கள் பள்ளித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வாடை இல்லை, ருசியிலும் குறை இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் ஒழுங்காகச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். அப்புறம் ஈயம் எங்கிருந்து வரும்?
– ஒரு பள்ளித் தாளாளர்

ஈயத்துக்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது சார், அதனால் கண்ணையும் நாக்கையும் இதில் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. நிலையத்திலிருந்து கிளம்பும்போது தண்ணீர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். வழியில்தான் ஈயம் ஏறிக்கொள்கிறது, அதுவும் பெரும்பாலும் கடைசிச் சில அடிகளில். பழைய கட்டடமென்றால் தெருவிலிருந்து உள்ளே வரும் பைப்பே ஈயமாக இருக்கலாம். செம்புக் குழாய்களை இணைத்த இடத்தில் ஈயம் கலந்த பற்றாசு, அதாவது உருக்கி ஒட்டும் சால்டர், இருக்கலாம். பளபளக்கும் டேப்பின் குரோம் பூச்சுக்கு அடியில் பித்தளை இருக்கும், கடைசல் வேலை சுலபமாகட்டும் என்று அந்தப் பித்தளையில் ஈயம் சேர்ப்பது காலங்காலமான பழக்கம். பிளம்பர் என்கிறோமே, அந்தச் சொல்லே ஈயத்தின் லத்தீன் பெயரான 'பிளம்பம்' என்பதிலிருந்து பிறந்ததுதான்.

'எங்கள் கட்டடம் புதுசு' என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் குடிநீருக்கு ஈயப் பைப்பும் ஈயப் பற்றாசும் கூடாது என்று 1986-ல் தடை வந்தது, ஆனால் அதே சட்டம் 8 சதவீதம் வரை ஈயம் இருக்கும் பித்தளைச் சாமானை 'ஈயமற்றது' என்று விற்கவும் விட்டது! 2014-ல்தான் தண்ணீர் படும் பரப்பில் சராசரி 0.25 சதவீதம் என்று அதை இறக்கினார்கள். ஆக, இருபது வருஷத்துக் கட்டடத்திலும் சந்தேகத்துக்கு இடம் உண்டு.

தண்ணீரின் குணமும் முக்கியம். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில் வேறொரு ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள், பைப்பை அது அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அதே பழைய பைப்புகள்தான், அதுவரை உள்சுவரில் ஒட்டியிருந்த படலம் கரைய, ஈயம் வீடுகளுக்குள் வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, நிற்கிற தண்ணீர். வீட்டில் குழாய் நாள் முழுக்க ஓடும். பள்ளியிலோ வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடிய டேப்பைத் திங்கட்கிழமை காலையில்தான் திறக்கிறோம், இடையில் அறுபது மணி நேரம் அந்தத் தண்ணீர் பித்தளையோடு ஒட்டிக் கிடக்கிறது. பிரேயருக்கு முன்னால் ஓடி வந்து வாய் வைத்துக் குடிக்கிற முதல் பிள்ளைக்கு அதுதான் போகிறது.

ஆய்வகத்திலிருந்து ஆள் வந்தார். காலை பதினொரு மணி. ஒரு டேப்பைத் திறந்து இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். 'ஈயம் கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?
– ஓர் ஆசிரியை

இருக்க முடியாது டீச்சர். அவர் கிருமிச் சோதனைக்குச் செய்வதை ஈயத்துக்கும் செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஓடவிட்ட இரண்டு நிமிஷத்தில், தேட வேண்டிய தண்ணீர் முழுக்கச் சாக்கடைக்குப் போய்விட்டது.

ஈயத்துக்கான முறையே வேறு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பள்ளிகளுக்கென்றே ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது, அதன்படி குழாயை யாரும் தொடாமல் குறைந்தது 8 மணி நேரம், அதிகம் போனால் 18 மணி நேரம் தண்ணீர் நிற்க வேண்டும். மறுநாள் காலை யாரும் கை கழுவுவதற்கு முன், திறந்தவுடன் விழும் முதல் 250 மில்லியை ஒரு சொட்டு சிந்தாமல் பிடிக்க வேண்டும். வீடுகளுக்கு ஒரு லிட்டர் பிடிப்பார்கள். பள்ளிக்கு ஏன் கால் லிட்டர் என்றால், ஒரு பிள்ளை ஒரு தடவை குடிப்பது ஏறக்குறைய அவ்வளவுதான், அதோடு டேப்பிலும் அதை ஒட்டிய பைப்பிலும் நிற்கிற தண்ணீரும் அந்த அளவுதான். ஒரு லிட்டர் பிடித்தால் உள்ளே தள்ளியிருக்கும் நல்ல தண்ணீரும் சேர்ந்து கணக்கு நீர்த்துவிடும்.

அப்புறம் 30 விநாடி ஓடவிட்டு இரண்டாவது பாட்டில். முதலாவதில் ஈயம் அதிகம், இரண்டாவதில் இல்லை என்றால் குற்றவாளி அந்த டேப்தான், மாற்றினால் வேலை முடிந்தது. இரண்டிலும் இருந்தால் சுவருக்குள் போகும் பைப்பைப் பார்க்க வேண்டும். செலவு சில ஆயிரத்திலா பல லட்சத்திலா என்பதை இந்த இரண்டு பாட்டில் சொல்லிவிடும், அதனால் இரண்டாவதை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

குளிர்ந்த தண்ணீர்க் குழாய் மட்டும். டேப் நுனியில் இருக்கும் வலையைச் சோதனைக்கு முன் கழற்றிச் சுத்தம் செய்யக் கூடாது, பரீட்சைக்கு முந்தின நாள் வெள்ளையடிக்கிற கதை அது. முந்தின இரவே எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு ஓடவிடுவதும் அப்படித்தான். திங்கட்கிழமையிலோ லீவு முடிந்த மறுநாளிலோ சாம்பிள் எடுக்க வேண்டாம் என்கிறது வழிகாட்டி, சாதாரண நாள் நிலவரம் தெரிய வேண்டுமாம். சரி, ரிப்போர்ட்டுக்குப் புதன்கிழமை எடுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் சொந்த விவரத்துக்காகத் திங்கட்கிழமையும் ஒரு பாட்டில் எடுத்து வைப்பேன்.

முக்கியமானது, ஒரு டேப்பின் ரிப்போர்ட் அந்த டேப்புக்குத்தான். பக்கத்தில் ஓரடி தள்ளி இருப்பதற்குக்கூடச் செல்லாது. குடிக்கிற, சமைக்கிற, பால்மாவு கரைக்கிற எல்லாக் குழாய்க்கும் எண் ஒட்டி, எண்வாரியாக எடுக்கச் சொல்லுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 80 காட்டியது. போதாதா?
– ஒரு தந்தை

லாரி எடைமேடையில் மூக்குத்தியை நிறுத்துப் பார்த்திருக்கிறீர்கள். அந்த மீட்டர் உப்புகளை மொத்தமாக, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லும். நாம் தேடுவது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

கொதிக்க வைத்தால் போய்விடுமா?
– மூன்று பேர்

போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையும், ஈயம் அப்படியே இருக்கும்.

எங்கள் காப்பக ரிப்போர்ட்டில் 7 பிபிபி என்று இருக்கிறது, கீழே 'வரம்புக்குள்' என்று முத்திரை. பாஸா?
– காப்பகம் நடத்துபவர்

பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு, தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10. அந்த அளவில் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று அதற்கு அர்த்தமில்லை, நடைமுறையில் எட்டக்கூடியது என்றுதான் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2036-க்குள் 5-க்கு இறங்கச் சொல்லியிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமோ பள்ளிக் குடிநீரில் 1 பிபிபியைத் தாண்டக் கூடாது என்கிறது. பாதுகாப்பான அளவு என்று குழந்தைகளுக்கு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. உள்ளே போகிற ஈயத்தைப் பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கு அவர்கள் உடம்பு இழுத்துக்கொள்ளும், மூளை வளர்கிற வயசு வேறு.

அதனால் 7 என்பதை நான் பாஸ் என்று சொல்ல மாட்டேன். அந்தக் குழாயில் பால்மாவு கரைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள், கைக்குழந்தைக்கு உணவே தண்ணீர்தான். கை கழுவ அதை விட்டுவிடலாம், ஈயம் தோல் வழியாக உள்ளே போகாது. ஆனால் எழுத்து படிக்கத் தெரியாத வாண்டுகள் இருக்குமிடத்தில் 'குடிக்காதீர்' என்று பலகை மாட்டி என்ன பிரயோசனம்? குடிக்கிற குழாயைத் தனியாக, அவர்களுக்கு எட்டுகிற உயரத்தில் வையுங்கள், கை கழுவவும் தேவைப்படாத குழாய்களில் கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள்.

டேப் மாற்றுகிறவரை ஃபில்டர் போடலாம், ஆனால் ஈயத்தை நீக்கும் என்று தரச்சான்று இருக்க வேண்டும், அமெரிக்கத் தரத்தில் 'என்எஸ்எஃப் 53' என்று பெட்டியில் போட்டிருக்கும். வெறும் யுவி விளக்கு கிருமியைக் கொல்லும், ஈயத்தை ஒன்றும் செய்யாது. ஆர்ஓ ஈயத்தை எடுத்துவிடும். ஆனால் மாடியில் ஆர்ஓ வைத்து, அந்தத் தண்ணீரைப் பழைய பைப்பில் கீழே இறக்கினால் எடுத்தது திரும்ப வந்துவிடும், உப்பு குறைந்த தண்ணீர் உலோகத்தை இன்னும் நன்றாகவே அரிக்கும். கார்ட்ரிட்ஜ் மாட்டிய தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள், இல்லாவிட்டால் மாற்ற வேண்டிய நாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. டேப் நுனி வலையை மாதம் ஒரு தடவை கழற்றித் தட்டுங்கள். நான் ஒன்றைக் கழற்றியபோது கட்டைவிரல் நகம் அகல வலையில் கடுகை உடைத்த மாதிரி சாம்பல் நிறத் துணுக்குகள் அடைத்திருந்தன. ஈயத் துணுக்கு அதில் சிக்கியிருந்தால் போகிற தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் மறுபடி சாம்பிள், அதே 250 மில்லி.

என் மகள் இரண்டு வருஷம் குடித்த குழாயில் ஈயம் அதிகம் என்று இப்போது சொல்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள். ராத்திரி தூக்கம் வரவில்லை.
– ஓர் அம்மா

தண்ணீர் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு குழந்தையின் உடம்பைக் கணக்குப் போடாதீர்கள் அம்மா. வெளியில் தெரிகிற அறிகுறி இல்லாமலும் இருக்கலாம், அதனால் குழந்தை மருத்துவரிடம் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்ததில் அதிகம் வந்தால் பயந்துவிடாமல் நரம்பில் எடுத்து உறுதி செய்யச் சொல்லுங்கள், விரலில் ஒட்டிய தூசியே கணக்கைக் கூட்டிவிடும். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், அமெரிக்காவில் 3.5-லேயே தேட ஆரம்பிக்கிறார்கள். தேடும்போது குழாயோடு நிற்க வேண்டாம், வீட்டுச் சுவரில் உரிகிற பழைய பெயிண்ட்டையும் பாருங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் பிடித்துக்கொள்ளும், அதே ரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஈயம் வருகிற வழி அடைபட்டால் ரத்தத்தில் அளவு வாரம், மாதக் கணக்கில் இறங்கும். அதனால் அடுத்த சோதனை எப்போது என்று அன்றைக்கே கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.