ஆவணி லீவைத் துண்டு போடாதீர்கள்

வணக்கம் சேர்,

நான் வன்னியில், துணுக்காய் கல்வி வலயத்தில் படிப்பிக்கிறேன். வீடு யாழ்ப்பாணத்தில், கிழமை நாட்களில் குவாட்டர்ஸ். என் மச்சாள் கனடாவில், ஒன்ராறியோவில் ஆசிரியை. ஆனிக் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டினால் புரட்டாதி வரை அவளுக்கு லீவு. எனக்கு ஆவணியில் கிடைப்பதே கொஞ்ச நாள். அதற்குள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விசேட வகுப்பு, நடுவில் ஆசிரியர்களுக்கு ஒரு செமினார். போகாமல் வீட்டில் இருந்தால் மனம் உறுத்துகிறது. போனால் மூன்றாம் தவணை தொடங்கும்போதே களைத்துப்போகிறேன். நீங்கள் வன்னியில் நெடுங்காலம் படிப்பித்தவர். எப்படிச் சமாளித்தீர்கள்?

(பெயர் வேண்டாம்)

பிள்ளைக்கு,

மச்சாளின் இரண்டு மாதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். அங்கேயும் ஆடி மாதத்தில் கூடுதல் தகைமைப் பாடநெறி படிக்கிற ஆசிரியர்கள் ஏராளம். சம்பளப் படி ஏற அது உதவும். ஆனால் அவர்களின் லீவு ஒரே நீட்டாக இருக்கிறது. நமக்கு மூன்று தவணை, மூன்று லீவு. சித்திரை லீவு வருடப்பிறப்போடு போய்விடும். மார்கழி லீவை மழையும் வெள்ளமும் எடுத்துக்கொள்ளும். ஆற அமர இருக்க ஆவணிதான். கொரோனாவும் 2022 எரிபொருள் நெருக்கடியும் தவணைகளைக் குழப்பிய பிறகு அதுவும் சுருங்கிவிட்டது.

உங்கள் களைப்பு படிப்பித்ததால் மட்டும் வந்ததில்லை. வெள்ளி பின்னேரம் மல்லாவியில் பஸ் ஏறி, மாங்குளத்தில் இறங்கி, ஏ9 வீதியில் வருகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போய், முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டு ஒரு சுருள் கச்சான் வாங்கி, வீடு சேர இருட்டிவிடும். திங்கள் விடிய முன் திரும்பவும் அதே வழி. இப்படி ஓடிய உடம்புக்கு லீவு விட்டது தெரியாது. விடியப்புறம் நாலு மணிக்கே எழும்பி பஸ்ஸைத் தேடும். அது அடங்கச் சில நாள் செல்லும். அடங்கி, ஒரு நாள் வெயில் ஏறும் வரை படுத்து எழும்புகிறீர்களே, லீவு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. சரியாக அந்த நேரம் பார்த்துச் செமினார் வரும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்பதைக்கூடப் பொறுக்கலாம். உடம்பு மறுபடி நாலு மணிக்கு எழும்பத் தொடங்கிவிடுமே, அதற்கு என்ன செய்வது?

விசேட வகுப்பை விடச் சொல்லவில்லை. ரியூசனுக்கு வழியில்லாத பிள்ளைகளுக்கு அதுதான் கதி. தவணை முடிந்த கையோடு, குவாட்டர்ஸைப் பூட்ட முன், தொடர்ந்து வைத்து முடியுங்கள். ஒரு கிழமை விட்டுக் கூப்பிட்டால், சிறுபோக அறுவடை நேரம், பாதி வகுப்பு வயலில் நிற்கும். முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால், பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவின் சத்தத்தையும் நிறுத்திவிடுங்கள்.

பிறகு என்ன செய்வது? என்னோடு கரைப்பக்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு கணித ஆசிரியர் இருந்தார். மகா கோபக்காரன். சோளகம், அதாவது தென்மேல் காற்று வீசுகிற காலத்தில் முல்லைத்தீவுக் கடல் அடங்கியிருக்கும், கரையில் மீன்பிடி வாடிகளில் ஆள் நிறைந்திருக்கும். ஒரு லீவில் அவர் வாடியில் போய்க் குந்தி வலை பொத்தப் பழகினார். பழக்கியவன் அவருடைய வகுப்பில் கடைசி வாங்கிலில் இருக்கிற பையன். சேர் போட்ட முடிச்சு திரும்பத் திரும்ப வழுக்கிக்கொண்டு போகும். கண் ஒன்று சிறிது, அடுத்தது பெரிது. பையன் ஒன்றும் சொல்லமாட்டான். ஊசியை வாங்கி, அவிழ்த்து, மெதுவாகத் திரும்பப் போட்டுக் காட்டுவான். மூன்றாம் தவணையில் அந்த மனிதன் ஒரு கணக்கை மூன்றாம் தரமும் கத்தாமல் செய்து காட்டியதை நாங்கள் பக்கத்து வகுப்பில் இருந்து கேட்டோம். எந்தச் செமினாரும் அவருக்கு அதைச் செய்ததில்லை. (செமினார்களில் மதியச் சாப்பாடு நல்லது என்பதை மறுக்கமாட்டேன்.)

உங்களுக்கு இன்னொரு இடைஞ்சல் இருக்கும், நீங்கள் எழுதவில்லை. ஆண் ஆசிரியர் வீட்டுக்குப் போனால் சாப்பாடு மேசைக்கு வரும். ரீச்சர் போனால் அடுப்படி காத்திருக்கும். அதுவும் நல்லூர்த் திருவிழா 25 நாளும் லீவோடு முட்டினால் வெளிநாட்டுச் சொந்தமெல்லாம் உங்கள் வீட்டில்தான் இறங்கும். மச்சாளும் வரக்கூடும். வந்தால் தேத்தண்ணியை அவவே போடட்டும். இரண்டு மாத லீவுக்காரிதானே.

செமினாருக்கு இப்போதே அதிபரிடம் பேசுங்கள். லீவின் முதல் நாட்களில் அல்லது பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல் நாள் என்றால் வருவேன், நடுவில் என்றால் வரமாட்டேன் என்று எழுத்தில் கொடுங்கள். நேரசூசி வந்த பிறகு கேட்டால் ஒருவரும் மாற்றமாட்டார்கள். உங்களைப் போல யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற மற்ற ரீச்சர்மாரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். தனியாகப் போனால் சோம்பேறி என்பார்கள்.