இந்திய அரசியல் சிந்தனையில் பழையதுக்கும் புதியதுக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கிறதா?

கேள்வி இதுதான்: ஒரு பக்கம் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், குறள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலை. இன்னொரு பக்கம் காந்தி, அம்பேத்கர், அரசியலமைப்பு. நடுவில் உண்மையான தொடர்ச்சி ஏதாவது உண்டா, இல்லை பின்னாளில் ஒட்டவைத்த பெருமைப் பேச்சா?

நான் பேராசிரியர் இல்லை. ஊராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தே ஓய்வு பெற்றவன். என் பதில்: தொடர்பு உண்டு. ஆனால் தாத்தா, அப்பா, மகன் என்று இறங்கிவரும் சொத்து மாதிரி இல்லை. பேரன்கள் ஆளுக்கொரு தாத்தாவைத் தேடிப்பிடித்த கதை அது.

அர்த்தசாஸ்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல நூற்றாண்டுகளாக, மற்ற நூல்கள் காட்டும் மேற்கோள்களில்தான் அது தலைகாட்டிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்தில் ஒப்படைத்த கிரந்த எழுத்துச் சுவடியை 1905-ல் நூலகர் சாமசாஸ்திரி இன்னதென்று கண்டுகொண்டார். 1909-ல் அச்சுக்கு வந்தது. அதே 1909 நவம்பரில்தான் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா போகும் கப்பலில் உட்கார்ந்து காந்தி 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார். பழைய நூலும் புதிய நூலும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்! அப்புறம் முப்பது வருஷம்கூட ஆகவில்லை, 1937-ல் நேரு தன்னைத்தானே விமர்சித்து ஒரு கட்டுரை எழுதியபோது வைத்துக்கொண்ட புனைபெயர், கௌடில்யரின் இன்னொரு பெயரான 'சாணக்கியன்'.

அந்த நூலில் எனக்குப் பிடித்தது ஒற்றர் படையோ, அண்டை அரசுகளை நண்பன், பகைவன் என்று வகுக்கும் மண்டலக் கோட்பாடோ இல்லை, அதிகாரிகள் பணம் தின்பது பற்றிய பகுதி. தண்ணீருக்குள் திரியும் மீன் எப்போது தண்ணீர் குடிக்கிறது என்று எப்படித் தெரியாதோ, அப்படித்தான் வேலையில் இருப்பவன் எப்போது பணம் எடுக்கிறான் என்பதும் என்கிறார் கௌடில்யர். கையாடலுக்கு நாற்பது வழிகளைப் பட்டியல் போடுகிறார். ஒருநாள் பென்சிலோடு உட்கார்ந்து, நான் நேரில் பார்த்தவற்றுக்கு டிக் அடித்துக்கொண்டே வந்தேன். முன்னால் வந்த பணத்தைப் பின்னால் வரவு வைப்பது, ஒருவர் கட்டியதை இன்னொருவர் பெயரில் எழுதுவது, வசூலானதை வசூலாகவில்லை என்று காட்டுவது... பாதிக்கு மேல் டிக் விழுந்தது. ஓர் ஊராட்சியில் ஒரே மோட்டாருக்கு மூன்று மாதத்தில் நாலு தடவை காயில் கட்டியதாக பில் இருந்தது. மோட்டார் எங்கே என்று கேட்டேன். அதை மட்டும் யாராலும் காட்ட முடியவில்லை.

கௌடில்யரின் கவலை கஜானாவை யாரும் தின்றுவிடக் கூடாதே என்பது. சங்கப் புலவர் பிசிராந்தையாரின் கவலை அரசனே தின்றுவிடக் கூடாதே என்பது. பாண்டியன் அறிவுடைநம்பிக்கு அவர் சொன்னது புறநானூற்றில் 184-வது பாட்டு: விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் (பழைய நில அளவு) குறைந்த நிலம்கூட யானைக்குப் பல நாள் வரும். நூறு வயலே இருந்தாலும் யானை தனியாகப் புகுந்துவிட்டால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவதுதான் அதிகம். வரி பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. வள்ளுவர் இன்னும் கடுமை. செங்கோலோடு நின்று பொருள் கேட்கிறவனை, வேலோடு நின்று 'கொடு' என்கிற வழிப்பறிக்காரனுக்குச் சமமாக்கிவிடுகிறார்.

சரி, குடவோலை. 2020-ல் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவில்கூட உத்திரமேரூர் பெயர் வந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. 919-ல் ஒரு விதிமுறை. ஓட்டைகள் தெரிந்தனவோ என்னவோ, இரண்டே வருஷத்தில் 921-ல் திருத்திய விதிமுறை. சுவர் முன்னால் நின்றபோது என்னைப் பிடித்துக்கொண்டது கணக்கு பற்றிய பகுதி. வாரியத்தில், அதாவது ஊர்ச்சபைக் குழுவில், உறுப்பினனாக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்துக்குள் வரக்கூடாது. அவன் மட்டுமில்லை: அப்பா, மகன், மாமனார், மருமகன், தாய்மாமன், அத்தை பிள்ளை, சகோதரியின் கணவன் என்று உறவு முழுக்கத் தள்ளுபடி. எழுதியவருக்கு ஊர் தெரிந்திருக்கிறது!

குடத்தைத் திறக்கும் இடம் அதைவிட அழகு. எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை வைத்திருந்தால் தெரிந்துவிடுமே, அதற்காகத்தான்.

ஆனால் இதே கல்வெட்டு யாரை உள்ளே விட்டது? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களை. அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த சதுர்வேதிமங்கலம். அந்த நிலத்தில் இறங்கி உழுதவர் பெயர் ஓலையில் ஏறவே முடியாது. 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று ஃபார்வேர்டு செய்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் அம்பேத்கர் வருகிறார். காந்தி 1946-ல், ஆட்சி என்பது கோபுரம் மாதிரி அடிமேல் முடியாக இல்லாமல் தண்ணீரில் விரியும் வட்டங்கள் மாதிரி கிராமத்திலிருந்து பரவ வேண்டும் என்று எழுதியிருந்தார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் குடியிருக்கும் இடம், அதை விட்டுவிட்டுத் தனிமனிதனை அலகாக எடுத்துக்கொண்டது இந்த வரைவின் நல்ல காரியம் என்று போட்டு உடைத்தார். கிராமங்களைக் 'குட்டிக் குடியரசுகள்' என்று புகழ்ந்தவர் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி என்பதையும் நினைவூட்டினார். ஒரு தாத்தா வெள்ளைக்காரர் கோப்பிலிருந்து வந்தவர்!

அதற்காக அம்பேத்கர் பழையதை முழுக்கத் தூக்கி எறிந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். 1949 நவம்பர் 25 உரையில், இந்தியாவுக்கு ஜனநாயகம் புதிதல்ல, பௌத்த சங்கங்களில் தீர்மானம், கோரம் (கூட்டம் நடக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை), வாக்கெடுப்பு எல்லாம் இருந்தன என்கிறார். கிராமத்தை விட்டுவிட்டுச் சங்கத்தை எடுத்துக்கொண்டார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே நம் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரும் பௌத்தத்தைத்தான் தேடிப் போனார். எந்தப் பழமையில் தன் ஆட்களுக்கு உட்கார இடம் இருந்ததோ, அதைத் தேடியிருக்கிறார்கள். காந்தி பக்கம் நின்றவர்களும் சும்மா இருக்கவில்லை. சபை உறுப்பினர் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் பஞ்சாயத்து 40-வது பிரிவாக உள்ளே வந்தது. ஆனால் வெறும் வழிகாட்டு நெறியாக. அது கட்டாயமாவதற்கு 1993 ஏப்ரல் 24 வரை, 73-வது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தமுறை பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீட்டோடு வந்தது. இரண்டு தாத்தாக்களும் ஒரே சட்டத்தில் ஏறியது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இவ்வளவு சொன்ன பிறகு, என் பதிலுக்கே கொஞ்சம் இடிக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊராட்சித் தேர்தலில் இரண்டு பேர் சம ஓட்டு வாங்கினால் இன்றும் குலுக்கல்தான். ஒருமுறை வார்டு உறுப்பினர் பதவிக்கு அப்படி நடந்ததைப் பார்த்தேன். எவர்சில்வர் டப்பாவில் இரண்டு சீட்டு. சீட்டை வாங்கிப் படிக்க வந்த அலுவலர், யாரும் கேட்காமலே, முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டு, விரல்களை விரித்து இரண்டு தரப்புக்கும் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். உத்திரமேரூர் கல்வெட்டைப் படித்திருக்கிறீர்களா என்று அப்புறம் டீக்கடையில் கேட்டேன். "எங்க சார், அந்தப் பக்கம் பஸ்ஸுல போனதோட சரி" என்றார்.